டேங்க்

கொழிஞ்சாம்பாறையில் நான் வேலை பார்க்கும் கடையில்
ஒரு கண்ணாடி, ஒரு கவுண்டர், நோட்டு எண்ணும் இயந்திரம்.
வெளிநாட்டுப் பணம் வந்து விழுகிற இடம்.
கச்சா எண்ணெய் பீப்பாய் என்ன விலை என்று
செய்தி பார்க்காமலே சொல்லிவிடுவேன்.
ஜுலைகா பர்ஸைத் திறந்தபடி வந்தால் நல்ல விலை.
பர்ஸே இல்லாமல் வந்து
"ஏதாச்சும் வந்திருக்குங்களா, சும்மா பாருங்க" என்றால்
பீப்பாய் எங்கோ உருண்டுகொண்டிருக்கிறது.

அவள் புருஷன் காஜா ஷெரீப்புக்கு அங்கே பூச்சு வேலை.
அறுநூறு படுக்கை ஆஸ்பத்திரி.
மூன்றாம் மாடிவரை பூசியாயிற்று.
நாலாம் மாடி ஏறும்போது விலை இறங்கியது.
கம்பெனி சாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.
"ஜன்னல் வெக்கலை, மணல் உள்ளே வர ஆரம்பிச்சிருச்சு" என்றானாம்,
நோயாளிகள் வர ஆரம்பித்ததைப்போல.
சம்பளம் மூன்று மாதப் பாக்கி.

அதே வரிசையில் நிற்பாள் மெஹ்ருன்னிசா.
அவள் தம்பி பட்டாள முகாமில் துணி வெளுக்கிறான்.
ஒன்றாம் தேதி, பதினொரு மணி,
பணம் தவறியதே கிடையாது.
பீப்பாய் நூறைத் தாண்டியபோதும் அதே தேதி,
நாற்பதுக்குச் சரிந்தபோதும் அதே தேதி.
சரிந்த வருஷத்தில்தான் புதிதாய்
பன்னிரண்டு மெஷின் இறக்கினார்களாம்.
சீருடை கூடிவிட்டதாம்.

ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
ஏறினால் ஆஸ்பத்திரியும் ஏறுகிறது, பீரங்கியும் ஏறுகிறது.
இறங்கினால் ஆஸ்பத்திரி மட்டும் இறங்குகிறது.
இது எந்த வாய்ப்பாட்டில் வருகிறதென்று
யோசிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.
சீட்டு குப்பைக்கூடைக்குப் போயிற்று.

விலை சரிந்த அந்த மாதங்களிலும்
எங்கள் ஊர் பங்க்கில் ஒரு பைசா குறையவில்லை.
வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்
வண்டிக்கு நிரப்பிக்கொண்டு திரும்புவேன்.
லிட்டருக்கு ஏதோ சில ரூபாய் மிச்சம்.
செக்போஸ்டில் எக்சைஸ்காரர்கள் ஸ்பிரிட் தேடுவார்கள்,
என் பெட்ரோலை யாரும் மோந்து பார்ப்பதில்லை.
ஆனாலும் அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்,
பெரிய கடத்தல்காரன் மாதிரி.

ஐப்பசி மழையில் குடையோடும் பர்ஸோடும் ஜுலைகா.
"வேலை கிடைச்சிருச்சுங்க. டேங்க் ஷெட்லயாம்."
தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தேன்.
அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.
"பாலைவனமில்லீங்களா, தண்ணிக்குத்தானே அங்க மருவாதி."
முப்பத்தெட்டாயிரம்.
இயந்திரம் படபடத்து நின்றது.

பத்து நாள் கழித்து
கண்ணாடியின் அடி ஓட்டை வழியாகப் போனை நீட்டினாள்.
காஜா ஷெரீப் கரண்டியோடு நிற்கிறான்.
பின்னால் அவன் பூசிய சுவர்,
மட்டப்பலகை வைத்த நேர்த்தி, ஒரு மேடு பள்ளமில்லை.
சுவரை ஒட்டித் தார்ப்பாய் போர்த்தி,
மூக்கு மட்டும் வெளியே நீட்டி,
ஒன்று, இரண்டு, எண்ணினேன், பதினாலு.

"அதுக்கு ஏசி போட்டிருக்காங்களாம். இவங்க ரூம்ல ஃபேன்தான்.
படம் எடுக்கக் கூடாதாம். பார்த்துட்டு அழிச்சிரச் சொன்னாரு."
அழிக்காமல் வைத்திருக்கிறாள்.
சுவர் நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக இருக்கலாம்.
"இதெல்லாம் யாரைச் சுடுமுங்க?" என்றாள்.
நான் ஆதார் கார்டைக் கேட்டேன்.
பெயர், எண், கையெழுத்து.
நோட்டை ஒருமுறை தானே எண்ணினாள்,
பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து.

பின்னால் மெஹ்ருன்னிசா செருமினாள்.
மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் எல்லைக்கு அந்தப் பக்கம்
பங்க் பையன் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டான்,
"டேங்க் ஃபுல்லாண்ணே?"
ஆமாம் என்றேன்.
"ஜீரோ பாத்துக்குங்க."
பார்த்தேன்.